குடத்தைப் பிடுங்கிய தெரு

அக்கா,

இன்று காலை நம் தெருச் சாக்கடையில் தண்ணீர் நீலமாக ஓடியது. மழை பெய்ததுதான் சாக்கு, சாயப்பட்டறைக்காரர்கள் தொட்டியைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். பிளீச்சிங் நெடியில் தொண்டை கமறியது. எதிர்வீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இந்த வடக்கத்திக்காரனுங்க வந்ததுல இருந்துதான் தெருவே நாறுது" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உங்களிடம் சொல்லித் தீர்க்கலாம் என்றால் நீங்கள் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

இந்தத் தெருவில் யாருக்கு இது பூர்வீகம்? எருமப்பட்டியில் கிணறு வற்றி, கடலைக்காடு காய்ந்த பிறகு வந்தவர் நீங்கள். நான் மேச்சேரிப் பக்கம் ஆடு மேய்த்த வீட்டுப் பெண். எதிர்வீட்டுக்காரரின் அப்பா ஆத்தூரிலிருந்து துணிமூட்டையோடு வந்து இறங்கியவர். விசைத்தறிக்கு ஆள் வேண்டியிருந்தது, வந்தோம். சோளக்காடு வரிசை வரிசையாக லைன் வீடாயிற்று, லைன் வீடு தெருவாயிற்று, தெருவைச் சேலம் விழுங்கிக்கொண்டது. நம் பிள்ளைகள் தறிக்குப் போகமாட்டோம் என்றதும் தறிப்பட்டறைக்காரர்கள் ஒடிசாவிலிருந்து ஆள் கூட்டிவந்தார்கள். நம்மைக் கூப்பிட்ட அதே தறிதான் அவர்களையும் கூப்பிட்டது.

அந்தக் கோடை நினைவிருக்கிறதா? போர்வெல் தண்ணீரில் சாயம் இறங்கி, சோறு வடித்தால் சோறே மஞ்சளாகிவிட்ட கோடை. டேங்கர் லாரியை நம்பித்தான் தெருவே இருந்தது. சபிதா வரிசையில் நின்றாள். புருஷன் தறி ஓட்ட, ஒடிசாவிலிருந்து கடைசி லைன் வீட்டுக்குக் குடிவந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. தெருச் சங்கத் தலைவர் அவள் குடத்தைப் பிடுங்கி ஓரமாக எறிந்தார். தறியை விட்டபின் போட்ட உங்கள் இட்லிக் கடையிலிருந்து கரண்டியும் கையுமாக வந்தீர்கள்.

"ஏனுங்க, அந்தப் புள்ளைய எதுக்குங்க தள்ளறீங்க?"

"உங்களுக்குத் தெரியாதுங்கக்கா. இன்னிக்கு உட்டம்னா நாளைக்கு ஊரே அவுங்களுதாயிரும்."

"என்ற மவன் ரிக்கு வண்டில போயி அவுங்கூர்லதான் போர் போடறானுங்க. அங்க எவளோ ஒருத்தி அவனுக்கு ஒரு சொம்பு தண்ணி குடுக்கறாள்ல? அவளயும் இப்பிடித்தான் தள்ளுவீங்களா?"

நீங்கள் உங்கள் குடத்துத் தண்ணீரை அவள் குடத்தில் ஊற்றினீர்கள். அதன் பிறகு லாரி வரும்போதெல்லாம் அவள் பக்கத்தில் போய் நின்றீர்கள்.

தெரு அதற்குப் பழி வாங்கியது. 'இந்திக்காரி கடை' என்று பேர் வைத்து, உங்கள் கடைக்கு வருவதை நிறுத்தினார்கள். உங்கள் இட்லியைத் தின்று வளர்ந்த பிள்ளைகள்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். நான் கொதித்தபோது, "உடு சாமி, பசிச்சா வருவாங்க" என்றீர்கள். வரவில்லை அக்கா. தறிப் பையன்கள் மட்டும்தான் வந்தார்கள்.

ஆனால் நீங்கள் இறந்த அன்று எல்லோரும் வந்தார்கள். பல வருஷத் தறிப் பஞ்சு உங்கள் நெஞ்சில் அடைத்து, மூச்சு விட முடியாமல் போய்ச் சேர்ந்தீர்கள். உயிரோடு இருந்தபோது எட்டிப் பார்க்காத தறிப்பட்டறை முதலாளி ரோஜா மாலை கொடுத்தனுப்பினார். உங்கள் மகன் குமரேசன் ஒடிசாவிலிருந்து வந்து சேர்ந்தான். சபிதாவின் புருஷனும் கூட்டாளிகளும் தறியை நிறுத்திவிட்டு வந்து, பந்தல் போட்டு, பாடை கட்டி முடித்திருந்தார்கள்.

சங்கத் தலைவர் தோளில் துண்டோடு குமரேசனிடம் வந்தார். "தம்பி, நம்ம ஆளுங்களே தூக்கிருவோம். அவுங்கள ஒதுங்கச் சொல்லு. முறைன்னு ஒண்ணு இருக்குதல்ல."

"குடத்தப் பிடுங்குனப்ப எங்கீங்க போச்சு உங்க முறை?" என்று கத்தினேன். பொம்பளைகள் பேசக்கூடாது என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

குமரேசன் அவரைப் பார்த்தான். சபிதாவின் புருஷன் பக்கம் திரும்பி, ரிக்கில் போன இடத்தில் கற்ற ஒடியாவில் ஏதோ சொன்னான். அந்த மனுஷன் அழுதுகொண்டே வந்து தோள் கொடுத்தான். கூட்டாளிகளும் வந்தார்கள். தெருக்காரர்கள் ஒதுங்கி நிற்க, நீங்கள் அவர்கள் தோளில் போனீர்கள். பிறகு குமரேசனிடம் என்ன சொன்னாய் என்று கேட்டேன். "எங்கம்மாவத் தூக்க வாங்கண்ணான்னு கூப்புட்டேனுங்க" என்றான்.

இப்போது அதே தலைவர் வீட்டுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட அறைகள் கட்டி ஒடிசாக்காரர்களுக்கே வாடகைக்கு விட்டிருக்கிறார். வாடகை இனிக்கிறது, தண்ணீர் வரிசையில் மட்டும் அவர்கள் கடைசி. நிலத்தடித் தண்ணீரைக் கெடுத்த சாயப்பட்டறைக்காரருக்குக் கோயில் திருவிழாவில் பரிவட்டம் கட்டுகிறார்கள். குடத்தோடு நிற்பவளுக்கு வசவு. இந்தக் கணக்கு ஏன் ஒருவருக்கும் உறைக்கவில்லை?

நீங்கள் நின்ற இடத்தில் இப்போது நான் நிற்கிறேன். உங்களைப் போல நிதானமாகக் கேட்க எனக்கு வராது, கத்துகிறேன். ராங்கிக்காரி என்கிறார்கள். வயசாச்சு, கோபத்தைக் குறை என்கிறார்கள். குறைக்கமாட்டேன் அக்கா. சபிதாவின் மகள் இந்த வருஷம் நம் பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருக்கிறாள். அவளை எவனாவது தள்ளட்டும், அப்போது நான் கேள்வி கேட்டுக்கொண்டு நிற்கமாட்டேன்.