பக்கத்து சீட்டிலும் பெடல் உண்டு

அன்புள்ள கடுகுக்கு, அம்மா எழுதுவது.

இங்கே அப்பா, நான், வண்டி மூவரும் சுகம். அப்பாவுக்குக் காலையில் கொஞ்சம் இருமல், வண்டிக்கும் அப்படித்தான். நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் கழுத்தை மூடிக்கொண்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுக்கிறேன். உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் போட்டிருக்கிறாள், உறையைக் கிழிப்பதற்குள் வேலை போய்விட்டதா, உடம்புக்கு முடியவில்லையா, சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டாளா என்று எல்லாவற்றையும் நினைத்து முடித்துவிட்டேன். பார்த்தால் டிரைவிங் டெஸ்டில் மூன்றாம் தடவையும் ஃபெயில் என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்து எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல. பெற்ற பெண் ஃபெயிலானதற்குச் சந்தோஷப்படுகிற தாய் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன், அதுவும் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிற தாய்.

முதல் தடவை ஃபெயிலானபோது போன் சூடாகும்வரை பேசினாய். டெஸ்ட் எடுக்க வந்தவர் உன் பேரைப் படித்ததுமே முகம் மாறிவிட்டதாம், நம்மைப் போன்றவர்களை ரோட்டில் விடவே மாட்டார்களாம். இரண்டாம் தடவை வந்தவர் வயதானவர், கேள்வி கேட்கிற பெண்களைக் கண்டாலே அவருக்கு ஆகாதாம். நான் உம் கொட்டிக்கொண்டிருந்தேன், இருக்கலாம், அங்கே நான் இல்லையே. மூன்றாம் தடவை வந்தவள் உன்னைவிடச் சின்னப் பெண், நம் பாஷைக்காரி, ஏறும்போதே பயப்படாம ஓட்டுங்கக்கா என்றாளாம், அவளும் ஃபெயில் போட்டுவிட்டாள். பஸ்ஸில் திரும்பி வரும்போது இந்தத் தடவை யார்மேல் போடலாம் என்று தேடிப் பார்த்தேன் அம்மா, ஆளே மிச்சமில்லை, அப்போதுதான் நான் கண்ணாடி பார்க்காமல் திருப்பியது ஞாபகம் வந்தது, மூன்று தடவையும் அதேதான் என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரியைப் படித்துவிட்டு அடுப்படியில் தனியாக நின்று சிரித்தேன். சிரித்து முடித்ததும் கண் கலங்கியது, அதையும் சொல்லிவிடுகிறேன். லைசென்ஸ் இல்லாமல் உன் வேலையை நிரந்தரம் செய்யமாட்டார்கள், வீடு வீடாகப் போய் வயதானவர்களைப் பார்க்கிற வேலைக்கு எத்தனை நாள் பஸ்ஸை நம்புவாய், அந்தக் கவலை எனக்கும் இருக்கிறது. ஆனால் கடைசியில் சின்ன எழுத்தில், அப்பா எனக்குப் பாடம் சொல்லித் தருவாரா, கேட்டுப் பாரேன் என்று எழுதியிருக்கிறாய் பார், அங்கேதான் கடிதம் எதற்கு என்று எனக்குப் புரிந்தது. நீ கிளம்பிப் போனதிலிருந்து, உன் போனை எடுத்தால், இரு, அம்மாகிட்ட தரேன் என்பதற்கு மேல் அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்ததில்லை.

உடனே போய்க் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. முன் அறையில் போய் உட்கார்ந்துகொண்டேன். வகுப்பு இல்லாத நேரத்தில் அந்த அறை இன்னமும் அப்படியேதான் இருக்கிறது, சுவரில் சிக்னல் படங்கள், நடுவில் அப்பா ரோடு வரைந்து வைத்த பலகை, அதன்மேல் உன் விளையாட்டுச் சாமானிலிருந்து அவர் எடுத்துக்கொண்ட குட்டிக் கார்கள். சிவப்புக் காருக்கு மூன்று சக்கரம்தான், ஆனாலும் முக்கியமான விபத்துக்கெல்லாம் அதுதான் வரவேண்டும். பாடம் படிக்க ஆட்கள் வருவதற்கு முன்னால் நீ நாற்காலியில் முட்டி போட்டு நிற்பாய், அவர் இரண்டு காரை மோதவிட்டு, சொல்லுங்க ஜட்ஜம்மா, யார் மேல தப்பு என்பார். நீ உதட்டில் விரலை வைத்துக்கொண்டு யோசிக்கிற அழகைப் பார்க்க நான் அடுப்பில் பால் பொங்குவதை விட்டுவிட்டு வந்து நிற்பேன். நீலக் காருதான், அது லைட்டுப் போடாம திரும்பிச்சு என்பாய். முன்பல் விழுந்திருந்த சமயம் ஒருநாள், நாற்சந்தியில் அவர் என்னவோ கஷ்டமான மோதலாக வைத்திருக்கிறார், நீ குனிந்து குனிந்து பார்த்துவிட்டு, ரெண்டு வண்டி மேலயும் தப்பு, ரெண்டும் பாக்கல என்றாய். அவருக்குத் தலைகால் புரியவில்லை. அதற்கப்புறம் எத்தனையோ வருஷம் புதிதாக யார் சேர்ந்தாலும் முதல் வகுப்பில் அந்தக் கதைதான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் வண்டியின் கூரையிலிருந்து ஸ்கூல் பேர்ப் பலகையைக் கழற்றி வைத்துவிட்டு மூவரும் எங்காவது கிளம்புவோமே. நான் ஸ்டியரிங்கில், நீங்கள் இரண்டு பேரும் பின்னால். சின்ன வயதில் பந்து பட்டு ஒரு கண்ணில் பார்வை போனதால் அவருக்கு லைசென்ஸ் கொடுக்கவில்லை, ஊருக்கே ரோடு விதி சொல்லிக் கொடுக்கிற மனுஷன் ஒரு நாளும் வண்டி ஓட்டியதில்லை. யாராவது கேட்டால், என்னைவிட நல்ல டிரைவர் யாரு, இன்னைக்கு வரைக்கும் ஒரு ஆக்ஸிடென்ட் கிடையாது என்பார். உனக்கு வண்டியில் ஏறினாலே குமட்டும், அவர் ஒரு கையில் பையை விரித்துப் பிடித்துக்கொண்டு மறு கையால் உன் நெற்றியைத் தாங்கிக்கொண்டு வருவார். வாந்தி எடுத்த களைப்பில் அவர் மடியிலேயே தூங்கிப்போவாய். வீடு வந்ததும் கண்ணாடி வழியாக எனக்கு ஜாடை காட்டி, இன்னொரு சுத்து சுத்து, முழிக்கட்டும் என்பார். பெட்ரோல் என்ன தண்ணியா என்று முணுமுணுத்துக்கொண்டே தெருவைச் சுற்றுவேன். அந்தச் சுற்றுகள்தான் எனக்கு இப்போது அதிகமாக ஞாபகம் வருகின்றன, எங்கே போனோம் என்பதெல்லாம் மறந்துபோய்விட்டது.

காலேஜில் நீ சேர்ந்தபோது எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பேராசிரியை வீட்டில் சாயங்காலம் கூடிப் பேசுகிற கூட்டத்தில் சேர்ந்த பிறகுதான் உன் பேச்சு மாறியது. யாரைப் பற்றிப் பேசினாலும் இரண்டே பேர்தான், அமுக்குகிறவர், அமுங்குகிறவர். அடுத்த வீட்டு அத்தைக்கு மாவு புளித்துப் போனால்கூட அதற்குப் பின்னால் ஒரு ஏற்பாடு இருந்தது. மார்க் குறைந்தால் திருத்தியவர் காரணம், மார்க் வந்தால் உன் போராட்டம் காரணம். அந்த லீவில் உனக்கு வண்டி கற்றுக்கொடுக்க ஆரம்பித்தேன், ஞாபகம் இருக்கிறதா. கிளட்சைப் படக்கென்று விடுவாய், வண்டி குலுங்கி நிற்கும், உடனே என் காலைப் பார்த்து, நீதானே மிதிச்ச என்பாய். புதிதாகப் பழகுகிறவர்கள் எல்லோருமே அதைத்தான் செய்வார்கள், என் பக்கமும் பெடல் இருக்கிறதே. ஆனால் ஒரு வாரத்தில் விட்டுவிடுவார்கள். நீ விடவில்லை. கடைசியில் நான் இரண்டு காலையும் தூக்கி சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டேன், அப்போதும் வண்டி நின்றது, வண்டியையே நீ ஏதோ செஞ்சு வெச்சிருக்க என்று சொல்லிவிட்டு நடுரோட்டில் இறங்கி நடந்துபோனாய். வெயிலில் உன் குடையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.

அதற்கு அடுத்த வருஷம்தான் அந்த மேடைப் பேச்சு. எங்களை முன் வரிசையில் உட்காரவைத்துவிட்டு, என் அம்மா வாழ்க்கை முழுவதும் ஸ்டியரிங் இல்லாத சீட்டில் உட்கார்ந்திருக்கிறாள், வண்டியைத் திருப்புகிற கை எப்போதும் ஓர் ஆணின் கை என்று பேசினாய். நன்றாகத்தான் பேசினாய், என் பெண்ணா என்று இருந்தது. கைதட்டல் அடங்கவில்லை. யாரோ ஓர் அம்மா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்தார், எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல் நானும் அவருக்கு ஆறுதல் சொல்லிவிட்டு வந்தேன். நான்தான் மிதித்தேன் என்று ரோட்டில் சண்டை போட்டவள், எனக்குப் பெடலே இல்லை என்று மேடையில் சொல்லிவிட்டாயே என்று அப்புறம்தான் தோன்றியது. சிரிக்காதே, கொஞ்ச நாள் எனக்கும் அது ஒட்டிக்கொண்டது. அப்பா டீ கேட்டால், பார், வேலை வாங்குகிறார் என்று இருக்கும். அவரே போட்டுக் குடித்தால், பார், நீ தேவையில்லை என்று காட்டுகிறார் என்று இருக்கும். அதில் ஒரு சுகம் இருக்கிறது கடுகு, வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி, எழுந்திருக்கவே மனசு வராது. பிறகு ஒருநாள் வகுப்பில் தையல்காரர் ஒருவர் ஓட்டிக்கொண்டிருந்தார், ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது, அவர் ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். என் கால் தானாகப் போய்ப் பிரேக்கில் நின்றது. சைக்கிள்காரர் எங்கள் இருவரையும் திட்டிவிட்டுப் போனார். இல்லாத பெடலையா மிதித்தேன் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெளிந்தது, அன்று அப்பாவுக்கு நானே டீ போட்டுக் கொடுத்தேன், என்ன விசேஷம் என்று சந்தேகமாகப் பார்த்தார்.

இதைச் சொல்வதால் உன் பேராசிரியை சொன்னதெல்லாம் பொய் என்று நான் சொல்லவில்லை. நான் கற்றுக்கொடுக்க அனுமதி கேட்டபோது, பொம்பள சொல்லிக் குடுத்தா யாரும்மா வருவா என்று லைசென்ஸ் ஆபீஸ் அதிகாரி என் மனுவைத் திருப்பித் திருப்பி அனுப்பினார். அவர் கால் பிரேக்கில் இருந்தது நிஜம், என் கண்ணால் பார்த்தேன். அதனால்தான் போய்ப் போய் நின்றேன், மேலே எழுதினேன், வாங்கினேன். உங்கள் காலேஜ் கேன்டீனில் வேலை செய்த பெண்களுக்கு உட்கார நாற்காலி வேண்டும் என்று நீ சண்டை போட்டாயே, அதுவும் அப்படித்தான், அந்தக் கோபம் உனக்கு என்றைக்கும் இருக்கட்டும். வண்டி நின்றால் முதலில் உன் காலைப் பார்த்துவிட்டு அப்புறம் பக்கத்துக் காலைப் பார், அவ்வளவுதான் நான் கேட்பது. நீயாகவே அந்த பஸ்ஸில் இதைக் கண்டுபிடித்துவிட்டாய், நான் என்ன புதிதாகச் சொல்லப்போகிறேன். இப்போது அதைப் பிடித்துக்கொண்டு மறு கோடிக்குப் போய் எல்லாத் தப்பையும் உன் தலையிலேயே போட்டுக்கொண்டு அழாதே, அது உனக்குப் பழக்கம்.

நேற்று சாப்பாட்டுக்கு அப்புறம் அப்பா குட்டிக் கார்களைத் துடைத்துக்கொண்டிருந்தபோது உன் கடிதத்தைச் சத்தமாகப் படித்தேன். ஆளே மிச்சமில்லை என்ற இடத்தில் மீசை அசைந்தது, நான் பார்த்தேன். கடைசி வரியைப் படித்ததும், மூணு தடவையுமா கண்ணாடி பாக்கல என்று மட்டும் கேட்டுவிட்டுத் துணி உலர்த்தப் போய்விட்டார். பின்னாலேயே போனேன். அந்த மேடைப் பேச்சில் அவருக்கு எது வலித்தது என்று இத்தனை வருஷம் நான் நினைத்துக்கொண்டிருந்தது வேறு. கையில் ஈரத் துண்டை வைத்துக்கொண்டு சொன்னார், என்னைக் கெட்டவன்னு சொல்லியிருந்தாக்கூடப் பரவால்ல, நான் ஸ்டியரிங் பிடிச்சேன்னு சொல்லிட்டா, அப்ப பின் சீட்டுல அவகூட இருந்தது யாரு. உனக்குத் தெரியாததா கடுகு, அந்த மேடைக்கு அது ஒத்துவரவில்லை, விட்டுவிட்டாய். நான் கொடியின் மறுபக்கம் நின்று துண்டை இழுத்துவிட்டேன்.

மற்றபடி இங்கே எல்லாம் வழக்கம்போல. இப்போது முடிவெட்டுகிறவர் ஒருவர் பழக வருகிறார், கண்ணாடி பாருங்க என்றால் தன் கிராப்பைச் சரிசெய்துகொள்கிறார், உன் கதையை அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன், பேர் சொல்லவில்லை. குளியலறைக் குழாய் இன்னமும் சொட்டுகிறது, அப்பா தினமும் அதைச் சரிசெய்துவிட்டேன் என்கிறார். நீ ராத்திரியில் வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுக்காதே. நான்காவது டெஸ்டுக்கு முன்னால் யாரிடமாவது வண்டி கேட்டு ஒரு வாரம் சும்மா ஓட்டிப் பார், செருப்பைக் கழற்றிவிட்டு ஓட்டினால் கிளட்ச் பிடிபடும் என்று யாராவது சொன்னால் நம்பாதே.

நோய் நொடி இல்லாமல், நினைத்தது கைகூடி, போகிற இடமெல்லாம் நல்ல மனிதர்கள் அமைந்து நீ நன்றாக இருக்க வேண்டும். கீழே அரைப் பக்கம் வெற்றாக விட்டிருக்கிறேன். கடிதத்தைத் தபாலில் போடுவது எப்போதும் அப்பாதான், அதனால் ஒட்டாமல் மேஜைமேல் வைத்து, பேனாவையும் மூடாமல் வைத்துவிட்டுப் போகிறேன். கீழே ஒன்றும் இல்லையென்றால் மனசு விட்டுவிடாதே, அவருக்கு இன்னும் கொஞ்ச நாள் வேண்டும் என்று எடுத்துக்கொள். கழுத்துத் துணியை மறக்காதே.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா

கடுகு,

திரும்புவதற்கு முன் நடுக் கண்ணாடி, பக்கத்துக் கண்ணாடி, லைட், மறுபடி பக்கத்துக் கண்ணாடி, தோளுக்கு மேல் ஒரு பார்வை, அப்புறம்தான் ஸ்டியரிங். கழுத்தைத் திருப்பிப் பார், கண்ணை மட்டும் திருப்பினால் டெஸ்ட் எடுப்பவருக்குத் தெரியாது. ஞாயிறு காலை வகுப்பு இல்லை. போன் பண்ணு, பலகையை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அம்மாவிடம் கொடுக்க மாட்டேன்.

நம் இரண்டு பேர் விஷயத்தையும் யோசித்துப் பார்த்தேன். ஜட்ஜம்மா அன்றைக்குச் சொன்ன தீர்ப்புதான். இரண்டு வண்டியும் பார்க்கவில்லை.

லைசென்ஸ் வாங்கிக்கொண்டு ஒரு தடவை வந்து போ. பின் சீட்டில் நான் உட்கார்ந்துகொள்கிறேன். நான் தூங்கிவிட்டால் இன்னொரு சுற்று சுற்று.

அப்பா