பக்கீர் முகம்மதுவின் காகம்

14.6.2004
உத்தமபாளையத்தில் காலையிலிருந்து சாரல். கல்லூரியில் மூன்று வகுப்பு. மாலையில் பஸ் பிடித்துக் கம்பம் போனேன். பக்கீர் முகம்மதுவை ஒருவழியாகப் பார்த்துவிட்டேன். அறுபதுகளில் சென்னையில் கார்ட்டூன் படங்களுக்குக் கதை எழுதியவர். என் ஆய்வேட்டின் ஐந்தாம் இயலே அவர்தான். பக்கவாதம் வந்து படுக்கையில் கிடக்கிறார். காகப் படம் நீங்கள் எழுதியதா என்றேன். "ஆமா." வேறு யாரும் எழுதினார்களா? அதற்கும் "ஆமா." அந்த ஒரு சொல்தான் மிச்சமாம்.

2.7.2004
அவர் மனைவி சுல்தான் பீவியிடம் கையெழுத்துப் பிரதிகளைக் கேட்டேன். "மழத்தண்ணி உள்ள வந்து எல்லாம் கூழாப் போச்சும்மா. நாந்தேன் அள்ளி வெளிய கொட்டுனேன்" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

9.8.2004
காகப் படத்துக்கு வரைந்த ஆதித்தன் சார் சென்னையிலிருந்து சி.டி. அனுப்பியிருக்கிறார். டைட்டிலில் கதை என்று தயாரிப்பாளர் பெயர்! உடனே போன் செய்தேன். "எழுதுனது பாய்தான். ஆனா எழுத்துல கேக்காதம்மா. என் மகளை அந்தத் தயாரிப்பாளர் வீட்லதான் கட்டிக் குடுத்திருக்கேன்." வைத்துவிட்டார். நான் என்னதான் செய்ய? யாருகிட்டப் போய் நிக்க?

21.8.2004
சி.டி.யைக் கம்பத்துக்குக் கொண்டுபோய் அவர்கள் வீட்டு டி.வி.யில் போட்டேன். நிலாவுக்குப் பறக்கக் கிளம்புகிற ஆண் காகத்தைப் பெண் காகம் மறிக்கிறது: "கூடு ஒழுகுது, ஒங்களுக்கு நெலாவுல என்ன வேல?"
சுல்தான் பீவி எழுந்து நின்றுவிட்டார். "இது நான் கேட்டதும்மா! மெட்ராஸுக்குப் போறேன்னு பெட்டியோட நின்னாக. வீடு ஒழுகுது, மெட்ராஸுல என்ன வேலன்னு கேட்டேன். மெட்ராஸ எடுத்துட்டு நெலாவப் போட்ருக்காக." சிரித்தார். பிறகு முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதார். கட்டிலில் பக்கீர் முகம்மது தூங்கிக்கொண்டிருந்தார்.

27.8.2004
கைடு ஒரே வரியில் முடித்துவிட்டார். மனைவி சொல்வது ஆதாரம் ஆகாது.

11.10.2004
பக்கீர் முகம்மது மௌத்தாகிவிட்டார். தகவல் வந்து சேர்வதற்குள் அடக்கமும் முடிந்துவிட்டது.

30.11.2004
ஆய்வேட்டை நேற்றுக் கொடுத்துவிட்டேன். நான்கு இயல்கள்தான், அவருடையது இல்லை. அதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இன்று கம்பம் போனேன். சுல்தான் பீவி தெருப் பெண்களை உட்காரவைத்து, நான் விட்டுவந்த சி.டி.யைப் போட்டுப் படம் காட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அவர்களிடம், "இந்தா, செலின் டீச்சரு. எங்க வீட்டுக்காரவுக பேரப் புத்தகத்துல எழுதிருக்காக" என்றார்.
நகர்ந்து இடம் விட்டார்கள். உட்கார்ந்துகொண்டேன்.