டிக்கெட் இல்லாத பேருந்து

அண்ணா,

சங்க அலுவலகச் சுவரில் அம்மாவின் போஸ்டரைப் பார்த்தேன். 'போராட்டத்துக்கு உயிர் தந்த தாய்' என்று அச்சடித்திருக்கிறீர்கள். அம்மா எதையும் தரவில்லை. மூச்சு முட்டி ஆட்டோவில் கிடந்தே செத்தாள்.

முழு அடைப்புக்கு முந்தைய கூட்டத்தில் நான் சொன்னேனே, "பஸ் ஓடட்டும், டிக்கெட் மட்டும் கொடுக்க வேணாம். நஷ்டம் நிர்வாகத்துக்கு, ஜனம் நம்ம பக்கம்." எல்லோரும் கேட்கச் சிரித்தீர்கள். "ஊரை முடக்கினாத்தான்டா அவனுக்கு உறைக்கும்."

நீங்கள் சொன்னபடியே ஆஸ்பத்திரிச் சாலையின் குறுக்கே என் பேருந்தை நிறுத்திவிட்டு, சாவியை உங்களிடம் கொடுத்தேன். அம்மாவை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி வந்த ஆட்டோ அதன் முன்னால்தான் வந்து நின்றது. சாவிக்காக எத்தனையோ முறை போன் செய்தேன். நீங்கள் எடுக்கவில்லை. ஒலிபெருக்கியில் மட்டும் உங்கள் குரல் முழங்கிக்கொண்டே இருந்தது.

அடுத்த முழு அடைப்புக்கும் நாள் குறித்துவிட்டீர்களாம். அன்று என் பேருந்து ஓடும். யாரிடமும் காசு வாங்க மாட்டோம். கண்டக்டரும் சரி என்றுவிட்டார்.

மறிப்பதென்றால் ஊரான் வீட்டுப் பிள்ளைகளை அனுப்பாதீர்கள், நீங்களே வந்து நில்லுங்கள். பயப்படாதீர்கள், பிரேக் போடுவேன். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் இறங்கி வந்து உங்களிடம் பேசிக்கொள்வார்கள்.

இன்னமும்,
உங்கள் தம்பி