மகள் தேர்ந்தெடுத்த மென்பொருள்

ஐப்பசி, வியாழன்.

செல்போன் ஆப்புக்குத் திரை வரைகிற மகள் ஜெபாவோடு மல்லுக்கட்டியே பொழுது போயிற்று. வரைய வைத்திருந்த பழைய மென்பொருளை நிறுத்திவிட்டார்களாம். வேறொன்றை இன்றைக்குள் இவள் தேர்ந்தெடுத்துக் கம்பெனிக்குச் சொல்ல வேண்டும். ஒரு வாரமாக இரண்டுக்கு நடுவே தவிப்பு.

"இதுதாம்ப்பா பாக்க அழகு" என்றாள்.

நான் விசைத்தறிக்காரன்; அழகைப் பார்த்தா தறி வாங்குகிறோம்? ஓடுகிற தறியைப் படக்கென்று நிறுத்தி, திரும்ப ஓட்டி, துணியில் கோடு விழுகிறதா என்றல்லவா பார்ப்போம். அவள் அந்த அழகானதில் வரையும்போதே நெட்டுப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினேன். காலையிலிருந்து வரைந்தது அத்தனையும் போச்சு.

"எப்பா, உனக்கென்ன கிறுக்கா?"

"ஏட்டி, நம்மூர் கரண்டு செய்யப்போறத நான் செஞ்சேன். மத்ததுலயும் வரை, பிடுங்குதேன்."

முணுமுணுத்துக்கொண்டே வரைந்தாள். பிடுங்கினேன். படம் அப்படியே நின்றது. அதையே எடுத்துக்கொண்டாள்.

சாயங்காலம் போனில் கம்பெனிக்காரரிடம், "நானே பிளக்கைப் பிடுங்கிச் சோதிச்சேன் சார்" என்கிறாள், கழுதை. என்னோடுதான் பேச்சில்லை.