பழைய குழியில் பூசணம்

குப்பத்தில் மாடு கன்றோடும் பிடிவாதத்தோடும் வாழும் சிநேகிதன் பச்சையப்பனுக்கு, நகரியிலிருந்து முனிசாமி வாயால் சொல்ல, மருமகள் தேவசேனா எழுதுவது.

திவிசீமைப் புயலை ரேடியோ விடாமல் சொல்லிக்கொண்டிருந்த வருடம் உனக்கு மறந்திருக்காது. எங்கள் தெருவுக்கு முதல் மோட்டார் தறி வந்ததும், நாம் இரண்டு பேரும் படுத்துக் கிடந்த டீ.பி. வார்டின் கம்பவுண்டருக்குக் கல்யாணம் ஆனதும் அப்போதுதான். அவர் கொடுத்த லட்டுக்கு நீ இருமிக்கொண்டே சண்டை போட்டாய். அந்த டீ.பி. நம்மை விட்டுப் போனது, ஆனால் நுரையீரலில் குழி தோண்டிவிட்டுத்தான் போயிருக்கிறது.

பங்குனியில் எனக்கு இருமலோடு ரத்தம் வந்தது. பழைய சனியன்தான் என்று நினைத்தேன். தேவசேனா திருப்பதிக்கு இழுத்துப் போனாள். சளியில் டீ.பி. கிருமி இல்லை. ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, பழைய குழிக்குள் பூசணம் உருண்டை கட்டியிருக்கிறது என்றார். "நான் இன்னாம்மா ஊறுகா ஜாடியா, பூசணம் புடிக்க?" என்று கேட்டேன். "காலி ஜாடி பெத்தாயனா, அதான் புடிச்சிருக்கு" என்று தெலுங்கில் என்னைப் பெரியவரே என்றழைத்து அவரும் சிரித்துவிட்டார்.

பூசணத்திலிருந்து பறக்கிற தூசு எல்லார் மூக்கிலும்தான் போகிறதாம். திடமானவர்களை ஒன்றும் செய்யாதாம். நம்மைப் போல் குழி விழுந்தவர்கள், சர்க்கரை ஏறிக் கிடப்பவர்கள், ஸ்டீராய்டு மாத்திரை நெடுநாள் சாப்பிடுபவர்கள், வேறொருவர் கிட்னி வைத்துக்கொண்டவர்கள், இவர்களிடம்தான் வேலையைக் காட்டுமாம். ஒட்டுவியாதியும் இல்லையாம். அதைச் சொல்லித்தான், தனியாக வைத்த என் தட்டை மறுபடி அடுக்கில் சேர்க்க வைத்தேன். தேவசேனா முறைத்துக்கொண்டே இதை எழுதுகிறாள்.

உன் மருமகள் காஞ்சனா போனில் அழுதாள். மழையில் நனைந்து பூசணம் பூத்த கடலைக்கொடியை மாட்டுக்கு நீயே உதறிப் போடுகிறாயாம். ரத்தம் துப்புகிறாயாம். "நானும் முன்சாமியும் டீ.பி.ல டிகிரி வாங்கினவங்கோ, டாக்டரு எதுக்கு?" என்று சொல்லி, பழைய மாத்திரையின் நிறத்தைச் சொல்லிக் கடையில் வாங்கித் துன்னுகினு இருக்கிறாயாம். அடேய், அது பூசணத்தைத் தொடாது. இதற்கு வேறு மாத்திரை, மாசக்கணக்கில். எனக்கு இருமல் அடங்கிவிட்டது. நேற்று களியை இரண்டாம் தரம் போடச் சொல்லித் தின்றேன்.

போனில் சொன்னால் டவர் இல்லை என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். காஞ்சனாவை அக்கம்பக்கம் கேட்க உரக்கப் படிக்கச் சொல்லியிருக்கிறேன்.

கொடியை உன் பிள்ளை மூக்கைக் கட்டிக்கொண்டு உதறட்டும். நீ திருப்பதிக்குப் பஸ் ஏறு, ஸ்டாண்டில் நான் நிற்பேன். ரத்தம் அதிகம் வந்தால் பஸ்ஸுக்குக் காத்திருக்காதே, அங்கேயே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. மலைமேல் இருப்பவன் உன்னை நல்லபடி கொண்டுவந்து சேர்க்கட்டும்.

கீழே இருப்பது என் கைநாட்டு.

வார்டில் நம் வரிசையை இன்றைக்கும் கட்டில் கட்டிலாகச் சொல்வேன். ஜன்னலோரம் கன்னையா, போய்விட்டான். அடுத்தது ஏர்பேடு நாகபூஷணம், போன தை மாசம். விசிலடிக்கும் விஜயராகவன், அவனும் இல்லை. என்னை "டேய் முன்சா" என்று கூப்பிட உயிரோடு மிச்சம் இருப்பது ஒருத்தன்தான். பச்சையப்பன்.