வெட்டிய நொச்சி

ஐப்பசி, செவ்வாய் இரவு

பக்கத்து வீட்டு அண்ணாச்சிக்கு இருமல் நின்றபாடில்லை. ஹார்பரில் நிலக்கரித் தூசி குடித்த நெஞ்சு. நேற்று சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார், உதடு கறுத்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னால், "ஏளா, நொச்சி போட்டு ஆவி பிடிச்சா நல்லாத் தூங்குதாரு" என்கிறாள் அவர் மனைவி. இலை என் வேலியிலிருந்துதான் போகிறது. மருந்துக்கென்று கேட்டால் இல்லை என்று சொல்லும் வழக்கம் எங்கள் தெருவில் கிடையாது.

அதனால் இன்று காலை அரிவாளை எடுத்து வேலி நொச்சி முழுவதையும் வெட்டிவிட்டேன். இலையே இல்லாவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போய்த்தானே ஆகவேண்டும்?

சாயங்காலம் அண்ணாச்சி வீட்டு அக்கா இலைக்கு வருவதுபோல் வந்தாள். நான் முந்திக்கொண்டேன்.

"இலை இல்லக்கா. அண்ணாச்சிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவோம். நானும் வாரேன்."

வேலியைப் பார்த்தாள். கோபப்படவில்லை.

"மொட்டையா வெட்டினாத்தான் நல்லாத் தழைக்கும். எனக்கு இலை வேண்டாம்ளா. போன மழைக்கு நீ ஒடிச்சுத் தந்த நொச்சிக் குச்சி எங்க உப்புத்தண்ணியிலயும் வேர் பிடிச்சிட்டு. இன்னைக்குத்தான் முதமுதல்ல அதுல இலை பறிச்சேன். கனமான போர்வை இருந்தா கொடு, எங்க போர்வையில ஆவி நிக்க மாட்டேங்கு."

அந்தக் குச்சிகளைச் சாய்த்து நட்டுக் கொடுத்தவளே நான்தான்.

போர்வையைக் கொடுத்தேன்.

இப்போது ஜன்னல் வழியாக நொச்சி வாசம் வருகிறது, கூடவே இருமலும். சற்றுமுன் இருமல் சத்தம் நின்றுபோனது. பேனாவை வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மறுபடி இருமினார். அப்பாடா என்றிருந்தது.