முறுக்கு நொறுங்கக்கூடாது என்று

அன்புள்ள அண்ணிக்கு,

ஷாமினி வணக்கத்துடன் எழுதுவது. நாளை உங்கள் புதுவீட்டில் பால் பொங்கும்போது நாங்கள் அங்கே இருக்கமாட்டோம். எல்லாம் நல்லபடியாக நடக்கட்டும். போனில் ‘விமானம் ஏறவில்லை’ என்று மட்டும் சொன்னேன். நீங்கள் கோபத்தில் போனை வைத்துவிட்டீர்கள். மறுபடி பேசினால் அழுகைதான் வரும். அதனால் ஈப்போ மருத்துவமனையில், பிள்ளை தனிஷாவின் கட்டிலோரம் உட்கார்ந்து எழுதுகிறேன். அவள் தூங்குகிறாள். நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துப் பார்த்து எழுதுவதால் வரிகள் கோணலாக இருக்கும்.

‘சிங்கப்பூருக்கு வெறுங்கையோட வராதே, கச்சாங் பூத்தே இல்லாம என்னா ஈப்போக்காரி’ என்று சொன்னீர்கள் அல்லவா? அந்தக் கச்சாங் பூத்தே நொறுக்குத்தீனிக்காகத்தான் விமான நிலையத்துப் பலகாரக் கடையில் முறுக்கும் காராசேவும் பட்டாணியும் வாங்கினேன். நிலக்கடலை கலந்த எதையும் தொடவில்லை. பிள்ளைக்குக் கடலை ஆகாது என்று கடைக்கார அக்காவிடம் சொன்னேன். ‘பயப்படாதேமா, இது வெறும் பட்டாணி லா’ என்று ருசி பார்க்க ஒரு கரண்டி அள்ளித் தனிஷா கையில் போட்டார்; அவளும் தின்றாள். எல்லா டப்பாவுக்கும் அதே கரண்டிதான் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

தீபாவளிக்கு, ‘நாங்கல்லாம் கடலை தின்னு வளரலியா, நீதான் பெருசு பண்றே’ என்று எல்லாரும் சிரித்தது மனதில் இருந்தது. இரண்டாவது தடவை கேட்க வெட்கமாக இருந்தது.

கைப்பை நிறைந்துவிட்டது. முறுக்கைப் பெட்டியில் போட்டால் உங்களிடம் தூளாகத்தான் வந்து சேரும். அதனால் மருந்துப் பையை எடுத்துப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, கவுண்டரில் கொடுத்துவிட்டேன். கடலை பட்டு மூச்சடைத்தால் உடனே குத்தவேண்டிய அவளுடைய ஊசி அதில்தான் இருந்தது. படித்தவள் செய்த வேலை.

பெட்டி உருண்டு மறைந்தது. தனிஷா கழுத்தைச் சொறிந்தாள். ‘மா, நாக்கு பெருசா இருக்கு’ என்றாள். உதடு வீங்கியது. நான் எந்த மொழியில் கத்தினேனோ தெரியாது. கவுண்டரில் இருந்த மலாய்க்காரப் பெண் காலணியைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பெட்டியைத் தேடி விமானத்துப் பக்கம் ஓடினாள். பிள்ளையின் மூச்சு விசில் மாதிரி கேட்டது. பெட்டி வந்தது; சாவி கைப்பையின் அடியில் கிடந்தது. முறுக்கையெல்லாம் தரையில் கொட்டித்தான் சாவியை எடுத்தேன். அவள் தொடையில் என் கையாலேயே ஊசியைக் குத்தினேன்.

மறுபடி வீங்கலாம், பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும் என்கிறார் டாக்டர். கெர்த்தே ஊரில் உள்ள வேலையிடத்திலிருந்து அவள் அப்பா, உங்கள் தம்பி, கிளம்பிவிட்டார். அவர் வரும்வரை நான் கண்ணை மூடப்போவதில்லை.

உங்கள்மேல் கோபமில்லை, அண்ணி. நாளை சாமி கும்பிடும்போது அவள் பேரையும் சொல்லுங்கள். அடுத்த முறை நாங்கள் பலகாரம் இல்லாமல்தான் வருவோம், கையில் அந்த ஊசியோடு. ஏன் என்று கேட்காமல் கதவைத் திறங்கள்.

உங்கள்
ஷாமினி